வேண்டாத நினைப்பு

எங்கள் மகள் எஸ்தருக்கு ஒன்றே கால் வயதாகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. என் மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போயிருக்கிறார். கணவர் கீழே ரோட்டோரம் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறார். மூன்று நாள் மழைக்குப் பிறகு சாந்தன்பாறையில் வெயில் அடிக்கிறது. எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. பல மாதங்களாக எழுத நினைத்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு நோய் வந்தது. பதினெட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் இப்படி எழுதிய ஒன்றை யாராவது என் கையில் கொடுத்திருந்தால், நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டியிருப்பேன்.

என் பெயர் பிரேமா. பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். தமிழ் மீடியம் ஆசிரியர் வேலை கிடைத்தபோது எனக்கு வந்த இடம் இடுக்கியில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஆரம்பப் பள்ளி. பூப்பாறையிலிருந்து பள்ளிக்கு ஜீப்பில்தான் போக வேண்டும். அந்த ஜீப்பை ஓட்டியவர் ஆல்பர்ட். மூன்று வருடம் அதே ஜீப்பில் போய்வந்து, கடைசியில் அவரையே கல்யாணம் செய்துகொண்டேன். சித்தூரில் அப்பா ஒரு வருடம் பேசவில்லை. பிறகு பேசினார். ஆல்பர்ட்டின் அம்மா ஞானம்மாள் தோட்டத்தில் காய் எடுக்கும் தொழிலாளி. நான் அவரை அத்தை என்று கூப்பிடுகிறேன்.

கர்ப்பமாக இருந்தபோதே என் தலைக்குள் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. ஆறாம் மாதம் ஒரு நாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் பெயர் தெரியாமல் விழித்தேன். இரண்டு வருடமாக என்னிடம் படிக்கும் பிள்ளை. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று கரும்பலகையில் எழுதினேன், மூன்றாம் வகுப்பே கூடிச் சிரித்தது. ஆனால் மூக்கு மட்டும் பிசாசாக வேலை செய்தது. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் தீ மூட்டினால் ரோட்டில் இரண்டு வளைவுக்கு இந்தப் பக்கம் எனக்கு வாசனை தெரியும். பிள்ளைகளில் யார் யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும்போல இருந்தது. எல்லோரும் சிரித்தோம். வயிறு வளர்வது போலத் தலையும் வேறாகிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்தால்தானே.

ஒன்பதாம் மாதம் சித்தூர் போனேன். பிரசவம் சுகமாக ஆயிற்று. பெண் குழந்தை, கறுகறுவென்று முடி. முதல் பதினோரு நாட்கள் எந்தக் குறையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை. அம்மா கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டினாள். துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு திரும்பினேன். கிணறு எனக்கு மூன்று எட்டில் இருந்தது. அந்த நொடியில் ஒரு படம் வந்தது. கிணற்றுக்கு மேலே என் இரண்டு கைகள். கைகள் விரிகின்றன.

யாரும் காதில் பேசவில்லை. எனக்குள் நான் எப்போதும் நினைப்பது போலத்தான் அதுவும் வந்தது: போட்டுவிட்டால்?

குழந்தையை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். தலை சுற்றுகிறது என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அது வளர்ந்தது. அடுக்களையில் அரிவாள்மனையைப் பார்த்தால் ஒரு படம். வெந்நீர் அண்டாவைப் பார்த்தால் ஒரு படம். தலையணையைக் கையில் எடுத்தால் இன்னொன்று. ஒவ்வொன்றும் அரை நொடிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பிறகு மணிக்கணக்கில் எனக்குள் விசாரணை நடந்தது. பெற்ற தாய்க்கு இப்படி ஏன் தோன்றுகிறது? தோன்றுகிறது என்றால் செய்துவிடுவேனா? எப்போதோ கேள்விப்பட்ட செய்திகள் நினைவுக்கு வந்தன. குழந்தையோடு கிணற்றில் விழுந்தவள் என்று ஊர் பேசிய பெண்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்களோ?

எனக்கு நானே சட்டங்கள் போட்டுக்கொண்டேன். குழந்தையோடு அடுக்களைப் பக்கம் போகக்கூடாது. முற்றத்துக்கு வரக்கூடாது. குழந்தை தூங்கும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் சொல்லிக் கிணற்றுக்கு வலை போடச் செய்தேன். "காக்கா எதையாச்சும் கொண்டாந்து போட்டுருதுங்கப்பா" என்று பொய் சொன்னேன். அம்மாவிடம் ஒரு நாளைக்கு இருபது தடவை, "பாப்பா மூச்சு உடறாளான்னு பாரும்மா" என்று கேட்டேன். பார்த்துச் சொன்னால் ஐந்து நிமிடம் நிம்மதி. ஆறாவது நிமிடம் மறுபடி கேட்பேன்.

கடைசியில் குழந்தையைத் தூக்குவதையே நிறுத்தினேன். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தால் அம்மா பாலாடையில் புகட்டினாள். ஆல்பர்ட் வீடியோவில் கூப்பிடும்போது போனைக் குழந்தை பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொள்வேன். அவர், "நீயும் கூட வாயேன்" என்பார். முகம் கழுவவில்லை என்பேன்.

அம்மா என்னவோ காத்து பட்டுவிட்டது என்று நினைத்தாள். கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். லேகியம் கிண்டினாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டும் விட்டாள்.

"ஏங்கண்ணு, பொறந்தது பொட்டப்புள்ளைன்னு உனக்கு மனசு ஒப்பலியா?"

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. உண்மையைவிட அது மேல்.

ஆறு வாரத்தில் பதினொரு கிலோ இறங்கியிருந்தேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. நான் இந்த வீட்டில் இல்லாமல் போனால் இவள் பத்திரமாக இருப்பாள் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அந்த எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. அது எனக்கு ஏதோ நல்ல யோசனை போலத் தெரிந்தது.

அந்த வாரம் ஆஷா பணியாளர் சாந்தா வந்தார். வீடு வீடாகத் தடுப்பூசிக் கணக்கு எழுத வரும் சுகாதாரத் தொண்டர். எங்கள் ஊர்க்காரர், நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர். குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பத்துக் கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா என்பது போல. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் டீச்சர். வினாத்தாளைப் பார்த்ததும் எந்தப் பதிலுக்கு எந்த மதிப்பெண் என்று தெரிந்துவிட்டது. பத்துக்குப் பத்தும் நல்ல பதிலாக டிக் செய்து இரண்டு நிமிடத்தில் கொடுத்தேன். குழந்தை அப்போது தொட்டிலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சாந்தா இருக்கிறாரே என்று அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

சாந்தா தாளைப் பார்த்தார். பிறகு தொட்டிலைப் பார்த்தார். பிறகு தொடைக்கு அடியில் இருந்த என் கைகளைப் பார்த்தார். எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"டீச்சரே, பேப்பர் கெடக்கட்டும். நான் நேராக் கேக்கறேன். நம்ம கையால குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நெனப்பு வருதா?"

கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

"வருதுன்னா வருதுன்னு சொல்லுங்க. நான் இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர்கிட்டக் கேட்ருக்கேன். ரெண்டு பேரும் ஆமான்னாங்க. ரெண்டு பேரோட குழந்தைகளும் இப்ப அங்கன்வாடிக்குப் போவுது."

"போலீஸ்ல சொல்லீருவீங்களா?" என்று கேட்டேன். அதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது.

"போலீஸா? எதுக்கு? காய்ச்சல் வந்தா போலீஸ்லயா சொல்வோம்? பாலக்காட்ல டாக்டர் இருக்காங்க. நாளைக்கே போலாம், நானும் கூட வர்றேன்."

அழுகை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கிணறு, அரிவாள்மனை, தலையணை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால், கையில் சீனிப் பொட்டலத்தோடு அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. குழந்தையை என்னிடமிருந்து எட்டக் கொண்டுபோய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"என்ற சாமி! இத்தன நாளா இதையா உள்ள வெச்சுட்டு வெந்துட்டு இருந்தே? நான் என்னென்னமோ பேசிப்போட்டனே."

மறுநாள் பாலக்காடு. கூட வந்த சாந்தா சீட்டு எடுக்க வரிசையில் நின்றார். மனநலப் பிரிவு என்று மலையாளத்தில் எழுதிய பலகைக்குக் கீழே வரிசையாக நாற்காலிகள். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. தெரிந்தவர் இருந்தார். எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரர், கையில் ஒரு பழைய ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். மூன்று பேரும் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தோம். பிறகு அவர் எழுந்து, "உக்காருங்கம்மா, குழந்தையோட நிக்கறீங்க" என்று தன் நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். யாரும் யாரையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அம்மா முந்தானையை எடுத்துவிட்டாள்.

டாக்டர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். மலையாளிதான், ஆனால் பாலக்காட்டில் இருப்பவர்களுக்குத் தமிழ் தானாக வரும். முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குக் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தாறுமாறாக வேலை செய்யும், அதனாலும் படபடப்பு, தூக்கமின்மை வரலாம், அதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றார். எனக்கு அது சரியாக இருந்தது. ரத்தச்சோகை மட்டும் இருந்தது. பிறகு அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"அந்த நெனப்பு வரும்போது எப்படி இருக்கும்?"

"செத்துரலாம்னு இருக்குங்க."

"செய்யணும்னு தோணுதா? இல்ல, செஞ்சிருவமோன்னு பயமா?"

"பயமுங்க. பயம் மட்டுந்தான்."

"காதுல யாராவது பேசற மாதிரி? குழந்தைகிட்ட ஏதோ கெட்டது இருக்கு, இது நம்ம குழந்தையே இல்ல, அந்த மாதிரி?"

"ஐயோ, இல்லைங்க."

செத்துவிடலாம் என்றதைப் பற்றியும் விடாமல் கேட்டார். எத்தனை தடவை, எப்போது, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறேனா என்று. ஒளிக்காமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எனக்குப் பேரக்குழந்தை ஒண்ணு இருக்கு, அஞ்சு மாசம். அதை உங்க கைல குடுத்துட்டு நான் தைரியமா டீ குடிக்கப் போவேன். புரியுதா?"

புரியவில்லை. அவர் விளக்கினார். குழந்தை பிறந்த பிறகு இப்படி வேண்டாத நினைப்பு வருவது தாய்மார்களில் ரொம்பப் பேருக்கு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு வந்த வேகத்தில் போய்விடும். சிலருக்கு மட்டும் மூளை அதைப் பிடித்துக்கொண்டு விடாது. நினைப்பு திரும்பத் திரும்ப வரும், அந்தப் பயத்தைத் தணிக்க எதையாவது திரும்பத் திரும்பச் செய்வோம். என் சட்டங்கள், மூச்சைப் பார்க்கச் சொன்னது, கிணற்று வலை எல்லாம் அதுதான். இதற்கு ஓசிடி என்று பெயர். பிரசவத்துக்குப் பிறகு வரும் வேறொரு நோய் உண்டு, அதில் இல்லாத குரல் கேட்கும், தப்பான நினைப்பே சரி என்று தோன்றும், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. எனக்கு இருப்பது அது இல்லை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் போய், வாழ வேண்டாம் என்ற எண்ணமும் வந்துவிட்டதால் சில நாட்கள் இங்கேயே இருக்க வேண்டும்.

"குழந்தை?" என்றேன்.

"குழந்தையும் உங்ககூடத்தான். அவள வெச்சுத்தானே வைத்தியமே."

முதல் இரண்டு நாட்களும் எனக்கு அதிகம் நினைவில்லை. தூங்கினேன். தூக்கம்தான் முதல் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டதால் குழந்தைக்குப் பால் புகட்டுவதை அம்மாவும் நர்சும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் ஒரு மாத்திரை. பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடுமே என்று பயந்தேன். மிகக் கொஞ்சம்தான் போகும், யோசித்துத்தான் இந்த மருந்தைக் கொடுத்திருக்கிறேன், குழந்தையையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார் டாக்டர். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும் என்றும் சொன்னார்.

அம்மா போனில் சொல்லி, மூன்றாம் நாள் மத்தியானம் ஆல்பர்ட்டும் அத்தையும் வந்து சேர்ந்தார்கள். போடி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்கள். அத்தையின் புடவையில் மலைக்குளிரின் ஈர வாசனை இன்னும் இருந்தது. உள்ளே வந்தவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து மாற்றுப் புடவையை எடுத்துக் கொடியில் போட்டார். தங்கப் போகிறார் என்று அதிலேயே தெரிந்தது.

அம்மாவும் அத்தையும் கல்யாணத்துக்குப் பிறகு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். இப்போது ஒரே அறை. அத்தை வந்த முதல் நாளே குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. "நாங்க இப்படித்தானுங்க" என்று அம்மா ஒரு பக்கம், "எங்க பக்கத்துல இப்படித்தான் மதினி" என்று அத்தை ஒரு பக்கம். இரண்டாம் நாள் காலை ஒருவர், மாலை ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறை சொன்னார்கள். நான் படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆல்பர்ட்டிடம் எல்லாவற்றையும் நான்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்து சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்கும் வரும்," என்றார்.

"என்ன வரும்?"

"ஜீப் ஓட்டும்போது. பூப்பாறை எறக்கத்துல ஒரு வளவு இருக்குல்ல. ஆள் ஏத்திட்டு வாரப்ப, ஸ்டீயரிங்க லேசா இந்தப் பக்கம் ஒடிச்சா என்ன ஆகும்னு ஒரு நெனப்பு வரும். நீ முன் சீட்ல உக்காந்து வந்த நாள்லயும் வந்திருக்கு. ஹாரன அடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். இதெல்லாம் யார்ட்டயாவது சொல்லுத விஷயமா, சொல்லு?"

வேப்பமரத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினேன். பதினைந்து வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஜீப் ஓட்டுகிற ஆள்.

"உனக்கு ஹாரன் சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான். சரி பண்ணிரலாம்," என்றார்.

டாக்டர் எங்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு நாள் பேசினார். கர்ப்பத்தின்போது மூளையில் சில இடங்கள் அளவில் கொஞ்சம் சுருங்குகிறதாம். கேட்டதும் அம்மா பதறினாள். பயப்பட வேண்டாம், அது தேய்மானம் இல்லை, தேவையில்லாத தொடர்புகளைக் குறைத்து, குழந்தையின் முகம், அழுகை, வாசனை இவற்றைப் புரிந்துகொள்ளும் பாதைகளைப் பலப்படுத்திக்கொள்கிறது என்றுதான் ஆராய்ச்சி செய்பவர்கள் நினைக்கிறார்கள் என்றார்.

அத்தை யோசித்துவிட்டு, "கவாத்து வெட்டுத மாரியா டாக்டர்? தேயிலைய வெட்டி விட்டாத்தான நல்லாக் கொழுந்து வரும்?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். இனி எல்லா அம்மாக்களுக்கும் அப்படியே சொல்றேன்."

இன்னொன்றும் சொன்னார். குழந்தை வந்ததும் ஆபத்தைக் கவனிக்கும் பகுதி முன்னைவிட விழிப்பாகிவிடும். தொட்டிலில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் தாய் எழுந்துவிடுவது அதனால்தான். தூக்கமில்லாமை, ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவது, பரம்பரை என்று பல காரணங்கள் சேரும்போது சிலருக்கு அந்த விழிப்பு அளவு மீறிப் போய்விடுகிறது. எங்கே ஆபத்து என்று வெளியே தேடித் தேடி, கடைசியில் தன் கைகளையே சந்தேகப்படுகிறது.

பிறகு ஷீபா வந்தார். சைக்காலஜிஸ்ட், என்னைவிடச் சின்னப் பெண். அவருடைய வைத்தியம் கேட்கவே கொடுமையாக இருந்தது. எதற்குப் பயப்படுகிறேனோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். பயம் வரும்போது அதைத் தணிக்க எதையும் செய்யக்கூடாது. பயம் தானாக ஏறித் தானாக இறங்குவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சுலபமானதிலிருந்து கடினமானது வரை ஒரு பட்டியல் போடச் சொன்னார். முதலாவது, கிணறு என்ற வார்த்தையை எழுதுவது. கடைசி, அறையில் யாரும் இல்லாமல் நான் மட்டும் குழந்தையைக் குளிப்பாட்டுவது.

வீட்டாருக்கும் ஒரு சட்டம். நான் எத்தனை தடவை கேட்டாலும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லக்கூடாது. அம்மாவால் அது முடியவே இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். அத்தை மட்டும் அசையவில்லை.

"அத்தை, பாப்பா மூச்சு விடறாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான அம்மா. நீ பாத்துக்க."

என்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்லிவிட்டு அவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார் என்று அம்மா எனக்குப் பிறகு சொன்னாள்.

வார்த்தையை எழுதினேன். அதைச் சத்தமாகப் படித்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். முதல் தடவை நாற்பது நிமிடம் நடுங்கினேன். ஐந்தாம் தடவை பத்து நிமிடம். ஒன்பதாம் தடவை கொட்டாவி வந்தது. "கொட்டாவி நல்ல அறிகுறி" என்றார் ஷீபா. இடையில் ஒரு நாள் எல்லாம் மறுபடி தலைகீழாகி, குழந்தையைத் தொட மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதுவும் வரும் என்றார்.

பதின்மூன்றாம் நாள் காலை பட்டியலின் கடைசி. பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், துண்டு, சோப்பு எல்லாம் தயாராக இருந்தது. அம்மா கதவருகே நின்று போக மாட்டாமல் தவித்தாள். அத்தை அவள் கையைப் பிடித்தார்.

"வாங்க மதினி, டீ குடிச்சிட்டு வருவோம்."

"நீங்க போங்க சம்பந்தி, நான் இங்கயே..."

"டாக்டர் என்ன சொன்னாவ? வாங்க."

கதவு சாத்தப்பட்டது. அறையில் நானும் குழந்தையும். அந்தப் பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு நான் என் குழந்தையோடு தனியாக ஒரு கூரையின் கீழ் இருந்ததில்லை.

அவள் சட்டையைக் கழற்றினேன். இடது கையில் கழுத்தைத் தாங்கித் தண்ணீரில் இறக்கினேன். இறக்கிய கணமே அந்தப் படம் வந்தது, இதுவரை வந்ததிலேயே பெரிதாக. தொட்டியில் தண்ணீர் அலை அடித்தது. வா, என்று சொல்லச் சொல்லியிருந்தார் ஷீபா. வந்தால் துரத்தாதே, வேலையைப் பார். வா, என்றேன். சோப்பைக் கையில் தேய்த்தேன். கழுத்து மடிப்பு, அக்குள், விரலிடுக்கு. படம் போகவில்லை. முதுகைத் தேய்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கி, ஏதோ பெரிய கணக்குப் போடுவது போல. பிறகு தொட்டியிலேயே சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு காலாலும் உதைத்து அந்தத் தண்ணீரை என் வாய்மேல் அடித்தாள்.

"அடிப் பாவி மகளே!" என்று கத்தினேன். அவள் திகைத்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு. வேறு தண்ணீர் எடுத்து, அவளோடு பேசிக்கொண்டே அலசி, துடைத்து, பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். படம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் கதவில் காதை வைத்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். தூரத்தில் கேன்டீன் ஜன்னல் வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையாகவே போய்விட்டிருந்தார்கள். என்னை நம்பி, குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் தோளில் தூங்கிப்போனாள்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மாத்திரையின் பலன் முழுதாகத் தெரிய மேலும் ஒரு மாதம் ஆயிற்று. வாரம் ஒரு முறை ஷீபாவைப் பார்த்தேன். நான்காம் மாதம் குழந்தையோடு சாந்தன்பாறைக்கு மலையேறினேன். எஸ்தர் என்று பெயர் வைத்தோம். நான் பள்ளிக்குத் திரும்பியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அந்த வருடம் காய் எடுக்கப் போவதில்லை என்று அத்தை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். மாத்திரையை டாக்டர் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்.

கடைசியாகப் பாலக்காடு போனபோது டாக்டரிடம் கேட்டேன். "பழைய மாதிரி ஆயிருவனுங்களா?"

"அந்த வேண்டாத நெனப்பு குறையும். வந்தாலும் நிக்காது. ஆனா பழைய மூளை திரும்ப வராது. சில மாற்றங்கள் வருஷக்கணக்கா இருக்கும்ங்கறாங்க. எதுக்குத் திரும்பணும்?" என்றார்.

அதற்கு அர்த்தம் போன மாதம் எனக்குத் தெரிந்தது. இப்போது எங்கள் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்துச் சிறுமி ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். எங்கள் பேச்சு எதுவும் அவளுக்குப் புரியாது. மூன்று நாளாகப் பேசாமல், அழாமல் உட்கார்ந்திருந்தாள். புது இடம், பழகிவிடும் என்றார்கள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள், எதற்கென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்திருந்தாள். அவ்வளவுதான். அருகே போய் அவள் வலது காதுக்குக் கீழே கை வைத்தேன். கொதித்தது. அவள் கண்ணை மூடி, முழுத் தலையையும் என் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டாள். காதில் சீழ் வைத்திருந்தது. அன்றே ஆல்பர்ட்டின் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முந்தைய பிரேமாவாக இருந்தால், அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சர்ச் முடிந்திருக்க வேண்டும். கீழே ரோட்டில் அத்தையின் குரல் கேட்கிறது, எஸ்தர் நடந்துதான் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள் போல. எங்கள் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் செங்குத்தாகப் பதினாறு படிகள். எழுந்து போய் மேல் படியில் நின்று அவளைத் தூக்கினேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. வேண்டாத ஒன்று, பழைய ஆள்தான். வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். எஸ்தர் சர்ச்சில் யாரோ கொடுத்த பிஸ்கட்டின் பாதியை, எச்சிலோடு என் வாயில் திணித்தாள். சாப்பிட்டேன். இப்போது அவள் என் மடியில் இருந்துகொண்டு பேனாவைப் பிடுங்குகிறாள், அதனால் இந்தக் கடைசி வரியின் எழுத்து இவ்வளவு கோணலாக இருக்கிறது.